வரைபடத்தில் வாழ்ந்த பொறி

கணிப்பொறியின் தந்தை என்று சார்லஸ் பாபேஜைப் போற்றுகிறோம். ஆனால், தாம் திட்டமிட்ட பெரிய கணக்கிடும் பொறிகளுள் ஒன்றையேனும் அவர் கட்டி முடித்ததில்லை. பின் எங்ஙனம் வந்தது இப்புகழ்?

1791-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த பாபேஜ், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். அந்நாளில் வானியலுக்கும் கப்பல் பயணத்திற்கும் வேண்டிய எண் அட்டவணைகளை மனிதர்களே கணக்கிட்டனர். மனிதர்களே அச்சுக் கோத்தனர். பிழைகள் மலிந்தன. 1821-இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அத்தகைய அட்டவணைகளைச் சரிபார்த்தபோது, இப்பணியைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் உதித்தது. பொறி பிழையின்றிக் கணக்கிடவேண்டும். விடையைத் தானே அச்சிடவும் வேண்டும். தேவை தெளிவாயிற்று. 1822-இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்தார். மறு ஆண்டு அரசு பொருளுதவி அளித்தது.

பொறியின் உறுப்புகளோ ஆயிரக்கணக்கானவை. சாதாரண வரைபடம் உறுப்பின் வடிவத்தைக் காட்டும்; எது எதனை இயக்குகிறது, எப்போது எது அசையாது நிற்கிறது என்பதைக் காட்டாது. எனவே, இயக்கத்தையே எழுதிக்காட்டும் குறியீட்டு முறையொன்றை வகுத்து 1826-இல் வெளியிட்டார். இன்று மென்பொருள் வல்லுநர்கள் நிரல் எழுதுமுன் தேவைகளை எண்ணிட்டுக் குறித்து, எத்தேவையை எப்பகுதி நிறைவேற்றும் என்று கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் வரைகிறார்களே, அதற்கும் நோக்கம் இதுவே.

1827-இல் தந்தையையும் மனைவியையும் இழந்தார். 1833-இல் பொறியாளர் ஜோசப் கிளெமென்டுடன் ஏற்பட்ட பிணக்கால் வேலை நின்றது. அடுத்த ஆண்டே அவர் மனம் இன்னும் பெரிய பகுப்பாய்வுப் பொறிக்குத் தாவியது. 17,000 பவுனுக்கு மேல் செலவிட்ட அரசு, 1842-இல் முதற்பொறியைக் கைவிட்டது. தேவை வளர்ந்துகொண்டே போனால் பணி முடிவதெப்போது? அவர் வாழ்க்கை புகட்டும் கசப்பான பாடம் இது.

எனினும் அவர் சோரவில்லை. 1847 முதல் 1849 வரை உழைத்து, இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் வரைபடங்களை முடித்தார். கட்டுவாரின்றி அவை கிடந்தன. 1871-இல் பாபேஜ் மறைந்தார்.

1985-இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவ்வரைபடங்களைக் கையிலெடுத்தது. சிற்சில பிழைகளை மட்டும் திருத்திக் கட்டிய கணக்கிடும் பகுதி 1991-இல் பிழையின்றி இயங்கியது. அச்சிடும் பகுதியும் 2002-இல் நிறைவுற்றது.

நண்பர்களே! செய்தவர் மறைந்து 120 ஆண்டுகள் கழித்தும், அவரை ஒருமுறையும் கண்டிராதவர்கள் அப்பொறியைக் கட்ட முடிந்தது. காரணம், அது அவர் மனத்தில் மட்டும் இருக்கவில்லை; பிறர்க்கு விளங்குமாறு தாளில் இருந்தது.