நேட்டால் அத்தியட்சர் கொலென்சோ

ஒருவனுக்கு ஒரு மனைவி என்பது கிறிஸ்தவ விவாகத்தின் நியதி. அதில் ஐயமுறுவார் நம்மிடை இலர். ஆயின், அந்நியதியை அறியாக் காலத்தில் தன் குலமுறைப்படி நான்கு பெண்களை மணந்து, மக்களையும் பெற்று வாழும் ஒருவன், கிறிஸ்துவை நம்பி ஞானஸ்நானம் வேண்டி வருவானாயின், திருச்சபை அவனுக்கு இறுக்கும் விடை யாது? ஒருத்தியை வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கிவிட்டு வருக என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரிமார் பலரும் கூறிய விடை. விலக்கப்பட்ட மூவரும் எங்ஙனம் வாழ்வர் என்று அஞ்சாது வினவியவர் ஜான் வில்லியம் கொலென்சோ. அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கொலென்சோ இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் 1814 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24 ஆம் நாள் பிறந்தார். இளமையில் வறுமை அவரை விடாது பற்றியது. எனினும் கேம்பிரிட்ஜில் தூய யோவான் கல்லூரியிற் பயின்று, 1836 இல் கணிதத் தேர்வில் இரண்டாமவராகத் தேறினார். அவர் இயற்றிய எண்கணித நூல் இங்கிலாந்துப் பள்ளிகளிலெல்லாம் பரவிற்று. கணிதத்திற்கு அஞ்சித் தமிழ் வகுப்பிற் புகுந்த எம்மனோர் அக்காலத்து ஆங்குப் பிறவாதது நற்பேறே! 1846 இல் சேரா பிரான்சிஸ் என்னும் நங்கையை மணந்து, நார்போக்குச் சிற்றூர் ஒன்றில் குருவாக அமர்ந்தார்.

1853 நவம்பர் 30 ஆம் நாள் அவர் நேட்டாலின் முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். நேட்டால் தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரைப் பகுதி. 1860 முதல் நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றிறங்கிய நாடும் அதுவே. 1854 இல் பத்து வாரம் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார்; மறு ஆண்டு குடும்பத்தோடு குடியேறினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒளியுறைவிடம் எனப் பொருள்படும் எகுகன்யேனி என்ற நிலையத்தை நிறுவி, ஜூலு மொழியைக் கற்று, அம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வகுத்தார். புதிய ஏற்பாட்டையும் அம்மொழியில் ஆக்கினார். மக்கள் அவரைச் சோபாந்து, அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தனர்.

ஜூலு மக்களின் இல்லற முறையை அவர் அணுகி நோக்கினார். அங்கு மனைவியர் ஒவ்வொருவருக்கும் தனிக் குடிசையுண்டு. அவள் பயிரிடும் நிலமும் உண்டு. மணமகன் பெண்ணின் தந்தைக்கு மாடுகளைக் கொடுத்தே அவளைக் கொள்வான். அக்கொடையே இரு குடும்பங்களையும் பிணிப்பது. பிள்ளைகளோ தந்தையின் குலத்தவர். இந்நிலையில் ஒருத்தி விலக்கப்படின், அவள் தன் குடிசையையும் நிலத்தையும் மட்டுமோ இழப்பாள்? பெற்ற பிள்ளைகளையும் பிரிவாள். பிழையொன்றும் செய்யாத அவளுக்கு, கணவன் இரட்சிப்படைந்த செய்தி வீட்டைவிட்டு வெளியேறும் ஆணையாக அன்றோ வந்து சேரும்!

1855 இல் கொலென்சோ இப்பொருள்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பலதாரமணம் நன்றென்று அவர் கூறினாரல்லர். ஞானஸ்நானம் பெற்றவன் புதிதாக ஒருத்தியைக் கொள்ளுதலையும் அவர் ஒப்பவில்லை. முன்னரே மணந்தவரைத் துரத்தலாகாது என்பதே அவர் கொள்கை. ஆபிரகாமும் யாக்கோபும் பல மனைவியரோடு வாழ்ந்தும் தேவனால் தள்ளப்பட்டிலர். நம் ஆண்டவரோ மனைவியைத் தள்ளிவிடுதலை வன்மையாகக் கண்டித்தார். அங்ஙனமாக, ஒரு குறையை நீக்குதற்பொருட்டு ஆண்டவர் கண்டித்த மற்றொன்றைச் செய்விப்பது எவ்வாறு பொருந்தும்? கொள்கை தூயதாய் நிற்க அதற்குரிய விலையைப் பேதைப் பெண்டிர் கொடுப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை.

அமெரிக்க மிஷனெரியாகிய லூயிஸ் கிரௌட் உடனே மறுப்பு எழுதினார். பலதாரமணம் பெண்ணை அடிமையாக்குவது. அதற்குச் சபையிற் சிறிது இடங்கொடுப்பினும் அது வேரூன்றிவிடும் என்பது எதிர்த்தோர் அச்சம். அவ்வச்சத்தை எளிதென்று யாமும் தள்ளோம். ஆனால், பெண்ணின் பொருட்டு எனத் தொடங்கும் அவ்வாதம், விலக்கப்பட்ட பெண்ணிடம் வந்ததும் வாய் திறவாது போவது எமக்கு வியப்பாகவே உள்ளது.

பின்னர் எழுந்த புயல் இதனினும் பெரிது. வில்லியம் ந்கிடி என்னும் ஜூலு உதவியாளர், ஜலப்பிரளய வரலாறு மெய்யோ என்று கேட்ட கேள்வி அத்தியட்சரின் உள்ளத்திற் தைத்தது. 1862 முதல் பஞ்சாகமத்தை ஆராய்ந்து அவர் வெளியிட்ட நூல்கள் ஆங்கில நாட்டைக் கலக்கின. அவர் முடிபுகள் யாவையும் யாம் ஏற்கின்றோமல்லோம். கேப்டவுன் அத்தியட்சராகிய ராபர்ட் கிரே 1863 இல் அவரைப் பதவிநீக்கினார். 1865 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பு செல்லாதென்றது. 1874 இல் ஹ்லுபித் தலைவர் லங்கலிபலேலே முறையற்ற விசாரணையால் நாடு கடத்தப்பட்டபோதும், 1879 இல் ஜூலு நாட்டின்மேற் போர் மூண்டபோதும், வெள்ளையரின் பகையையும் பொருட்படுத்தாது நீதிக்காகப் பேசினார். நெடுநாள் நண்பராகிய ஷெப்ஸ்டன் என்னும் அதிகாரியின் நட்பையும் அதனால் இழந்தார். 1883 ஜூன் 20 ஆம் நாள் உயிர் நீத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தூய பேதுரு ஆலயத்துள் அவர் உடல் அடக்கப்பட்டது.

அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டில், 1888 இல், லாம்பெத்திற் கூடிய அத்தியட்சர் மாநாடு, பல மனைவியருடையாருக்கு ஞானஸ்நானம் இல்லை என்றும், அன்னார் மனைவியருக்குச் சில இடங்களில் அளிக்கலாம் என்றும் விதித்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1988 இல், அதே மாநாடு அவ்விதியைத் தளர்த்தியது. அத்தகையோன், தன் மனைவியருள் ஒருத்தி உயிரோடிருக்கும் வரையும் வேறு மணம் செய்வதில்லை என உறுதியளித்து, அவ்விடத்துச் சபையும் இசையுமாயின், விசுவாசிகளான மனைவி மக்களோடு ஞானஸ்நானம் பெறலாம். விலக்கப்படும் பெண்கள் சமுதாயத்தில் ஆதரவிழந்து நிற்பர் ஆதலின், அவர்களை விலக்குமாறு அவனைக் கட்டாயப்படுத்துதல் கூடாது என்றும் அத்தீர்மானத்தில் எழுதப்பெற்றுள்ளது.