முடிக்குரிய காணி யாருடைய காணி? தந்தை செல்வாவும் திருகோணமலையும்

தந்தை செல்வாவின் அரசியல் வாழ்க்கையை எழுதுபவர்கள் வழமையாகக் காங்கேசன்துறையிலிருந்து தொடங்குவார்கள். அது அவரது தொகுதி. நான் திருகோணமலையைச் சேர்ந்தவன் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன். தமிழரசுக் கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் திருகோணமலையில் நடந்தது. 1952 தேர்தலில் செல்வா தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றபோது, சமஷ்டிக்கு வாக்களித்து இராஜவரோதயத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது இந்த ஊர். 1956 ஓகஸ்டில் திருமலை யாத்திரை வந்து முடிந்த இடம் இது. 1972 மே 14இல் தமிழர் கூட்டணி பிறந்ததும் இங்கேதான்.

இந்த நிகழ்வுகள் எல்லாம் நடந்தபோது இலங்கை ஒரு முடியாட்சி நாடு. பலருக்கு இது இப்போது நினைவில் இல்லை. 1948 பெப்ரவரி 4 தொடக்கம் 1972 மே 22 வரை நாட்டின் தலைமையில் முதலில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும், பின்னர் இரண்டாம் எலிசபெத் இராணியும் இருந்தார்கள். கொழும்பில் அவர்களுக்குப் பதிலாக மகாதேசாதிபதி ஒருவர் இருந்தார். செல்வா தன் சமஷ்டிக் கோரிக்கையின் பெரும்பகுதிக் காலத்தைக் கழித்தது இந்த அமைப்புக்குள்தான். அது எப்படி இயங்கியது என்று தெரியாமல், அவர் எதற்காக அவ்வளவு விடாப்பிடியாக இருந்தார் என்று விளங்கிக்கொள்வது கடினம்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். ஈப்போ இருப்பது பேரா என்னும் சுல்தானகத்தில். அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் பேராவும் வேறு மூன்று மலாய் அரசுகளும் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் ஒரு கூட்டமைப்பாக இணைக்கப்பட்டிருந்தன. சிறு பிள்ளையாகத் தாயுடன் தெல்லிப்பழைக்கு வந்தார். யூனியன் கல்லூரி, பரியோவான் கல்லூரி, கொழும்பு தோமையார் கல்லூரி என்று படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, ஆசிரியராக இருந்து, பின் சட்டம் படித்தார். குடியியல் வழக்குகளில், அதாவது காணி, உறுதி, உரித்து போன்ற விடயங்களில் பெயர் பெற்ற அப்புக்காத்தானார். எழுதப்பட்ட ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம், வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று அறிந்திருப்பது அவரது தொழில்.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போனார். அந்தப் பாராளுமன்றத்தை உருவாக்கியது சோல்பரி யாப்பு. அதன் அமைப்பு வெஸ்ற்மினிஸ்ரரைப் போன்றது. மக்கள் பிரதிநிதிகள் சபையில் 101 பேர், செனற் சபையில் 30 பேர். சட்டங்கள் இராணியின் பெயரில் நிறைவேறும். மகாதேசாதிபதி சிம்மாசனப் பிரசங்கத்தை வாசிப்பார். ஆனால் அதை எழுதுவது அமைச்சரவை. பெயர் முடியினுடையது, முடிவு பிரதமருடையது. பிரதமரின் பலமோ சபையில் உள்ள பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மை எப்போதும் ஒரே இனத்தின் கையில் இருக்கும் நாட்டில் சிறுபான்மைக்கு என்ன காவல் என்ற கேள்விக்கு, யாப்பின் 29ஆம் பிரிவைப் பதிலாகக் காட்டினார்கள். மற்றச் சமூகங்களுக்கு இல்லாத பாதிப்பை ஒரு சமூகத்துக்கு மட்டும் ஏற்படுத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்று அந்தப் பிரிவு சொன்னது.

அந்தக் காவல் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தில் சேர்ந்தது, செல்வா பிரிந்தார். 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி தொடங்கியது. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்ற அடிப்படையில், 1953இல் அங்கே சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. மன்னரின் மன்றம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அது முதல் அடி.

செல்வா கேட்ட சமஷ்டி முடிக்கு எதிரானது அல்ல. கனடா 1867 முதலும் அவுஸ்திரேலியா 1901 முதலும் அதே முடியின் கீழ் சமஷ்டி நாடுகளாக இருந்தன. அங்கேயும் பிரதமர், மகாதேசாதிபதி, பாராளுமன்றம் எல்லாம் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். எந்த அதிகாரம் மத்திக்கு, எந்த அதிகாரம் மாகாணத்துக்கு என்று யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. மத்தியில் யார் பெரும்பான்மை பெற்றாலும் மாகாணத்தின் பங்கைத் தனியே திருப்பி எடுக்க முடியாது. பிணக்கு வந்தால் நீதிமன்றம் தீர்க்கும்.

இதைத் திருகோணமலைக்காரருக்கு விளங்கப்படுத்த ஒரே சொல் போதும்: காணி. அன்று அரச காணிக்குப் பெயர் முடிக்குரிய காணி. கனடாவிலும் அதே பெயர்தான். ஆனால் கனடாவில் முடிக்குரிய காணி மாகாணத்தின் சொத்து. மாகாண அமைச்சர்கள் சொல்வதன்படிதான் அதைப் பங்கிடலாம். அவுஸ்திரேலியாவில் அது மாநிலங்களிடம் இருந்தது. செல்வா பிறந்த பேராவில்கூட, 1957இல் மலாயா சுதந்திர சமஷ்டி முடியாட்சியானபோது, காணி மாநிலத்தின் விடயமாக எழுதப்பட்டது. இங்கே கந்தளாயிலும் அல்லையிலும் இருந்த முடிக்குரிய காணியை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொழும்பில் ஓர் அமைச்சர் தீர்மானித்தார். திருகோணமலை மாவட்டத்தில் 1921இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்கள மக்கள்தொகை, 1946இல் ஐந்தில் ஒன்றானது. 1981இல் மூன்றில் ஒன்றானது. வந்து குடியேறிய ஏழை விவசாயியின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குக் காணி தேவைப்பட்டது. அதைக் கொடுக்கும் அதிகாரம் இந்த மாவட்டத்து மக்களிடம் இருக்கவில்லை என்பதுதான் முறைப்பாடு.

1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த செல்வாவும் தோழர்களும் தாக்கப்பட்டார்கள். ஓகஸ்டில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து தொண்டர்கள் கால்நடையாகத் திருகோணமலைக்கு வந்தார்கள். ஓகஸ்ட் 19 மாநாடு நான்கு கோரிக்கைகளை வைத்தது: தமிழ் மொழிவாரி மாநிலம் அல்லது மாநிலங்களைக் கொண்ட சமஷ்டி யாப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, திட்டமிட்ட குடியேற்ற நிறுத்தம். ஒரு வருடத் தவணையும் கொடுத்தது. அந்த வருடத்துக்குள், 1957 பெப்ரவரி 4 சுதந்திர தினத்தன்று, எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி கட்டிய நடராசன் என்ற இளைஞன் சுடப்பட்டு இறந்தான்.

தவணை முடிய முன்னர், 1957 யூலை 26இல் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் வந்தது. சமஷ்டி இல்லை. ஆனால் வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவை விரும்பினால் இணையலாம். குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிவதும் அந்தச் சபைகளிடம். அதே வருடம் ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. எந்தச் சமஷ்டியிலும் பாதுகாப்பு மத்தியிடம்தான் இருக்கும். செல்வாவின் கோரிக்கையால் துறைமுகம் நாட்டுக்கு இல்லாமல் போயிருக்காது. இருந்தும் ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் பிரதமரின் வீட்டு முற்றத்தில் வந்திருந்து கேட்க, அது கைவிடப்பட்டது. இரண்டு தலைவர்கள் கையெழுத்திட்ட தாள் சட்டம் அல்ல. பாராளுமன்ற ஆட்சியில் பிரதமரும் தன் பெரும்பான்மையின் கைதிதான்.

1960இல் முடியாட்சியின் இன்னொரு கதவையும் செல்வா தட்டிப் பார்த்தார். மார்ச் தேர்தலில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியிடம் 15 ஆசனங்கள். டட்லி சேனநாயக்கா கோரிக்கைகளை ஏற்கவில்லை; சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் தமிழரசுக் கட்சி எதிர்த்து வாக்களிக்க, அரசு கவிழ்ந்தது. தமிழர் ஆதரவோடு சுதந்திரக் கட்சியை அரசமைக்க அழைக்கும் தெரிவு மகாதேசாதிபதி ஒலிவர் குணதிலக்காவின் முன் இருந்தது. அவர் சபையைக் கலைத்தார். யூலையில் சுதந்திரக் கட்சி தமிழர் தயவின்றியே ஆட்சிக்கு வந்தது. 1961 பெப்ரவரியில் கச்சேரிகளின் வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. திருகோணமலைக் கச்சேரியும் அடைபட்டது. ஏப்ரலில் தமிழரசு முத்திரை வெளியிட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. செல்வாவும் மற்றவர்களும் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

1965இல் டட்லியுடன் இன்னோர் ஒப்பந்தம். இம்முறை மாவட்ட சபைகள். செல்வா அமைச்சராகவில்லை, அவரது கட்சியைச் சேர்ந்த மு. திருச்செல்வம் செனற்றராகி, உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்கலாமா என்று ஆராய அவர் ஒரு குழு அமைத்தார். பிக்கு ஒருவர் பிரதமருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க, அமைச்சரைக் கேட்காமலே பிரதமர் குழுவை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசை விட்டு விலகியது. மாவட்ட சபைகளும் வரவில்லை. ஒரு கோயில் வளவைப் பற்றி ஆராயும் அதிகாரம்கூட அமைச்சருக்குப் பிரதமர் தந்த இரவல் என்று அன்று தெளிவாயிற்று. இரவல் கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

சிங்களத்தில் தேர்ச்சி பெறாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, 1969 டிசம்பரில் பிரிவி கவுன்சிலில் பாதி வென்றது. அரச ஊழியர் முடிக்கு எதிராக வழக்காடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது, செனற்றும் ஒழிக்கப்பட்டது. அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சி ஐந்து மாநிலங்கள் கொண்ட சமஷ்டி வரைவை முன்வைத்தது. அது ஏற்கப்படாமல் போக, கட்சி வெளியேறியது. தமிழர் கூட்டணி திருகோணமலையில் உருவாகி எட்டே நாட்களில், மே 22இல், முடியாட்சி முடிந்தது. அதனுடன் 29ஆம் பிரிவும் போனது. புதிய யாப்பு ஒற்றையாட்சி என்ற சொல்லை முதன்முதலாக எழுதியது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் கொடுத்தது. முடிக்குரிய காணி அரச காணியானது. பெயர்தான் மாறியது.

செல்வா 1972இல் பதவி துறந்தார். இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். உடல் நடுங்கும் நோயும் கேள்விக் குறைவும் உள்ள அந்த முதியவரை மக்கள் பெரும் வாக்கு வித்தியாசத்தில் அனுப்பினார்கள். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தது. 1977 ஏப்ரல் 26இல் அவர் காலமானார். அடுத்து வந்தவற்றை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் வாழ்வை முடியாட்சியின் தோல்வி என்று சொல்வது சுலபம். அது சரியல்ல. அதே முடியின் கீழ் கியூபெக் தன் மொழியைக் காத்தது. குடியரசான பின்னும் எங்கள் காணிப் பிரச்சினை தீரவில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தந்த மாகாண சபையும் அந்த இரவல் வகையில்தான் நிற்கிறது. வடக்கு கிழக்கு இணைப்பு ஒரு ஜனாதிபதியின் பிரகடனத்தில் வந்தது. 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் போனது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின், தெரிவு செய்யப்பட்ட சபை இன்றி ஆளுநரே ஆண்டார்.

புதிய யாப்பு வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், ஒற்றையாட்சியா, ஒருமித்த நாடா, சமஷ்டியா என்று சொற்களில் சண்டை தொடங்கிவிடும். நான் வரைவில் முதலில் தேடுவது இரண்டு விடயங்களை. கந்தளாயிலும் மூதூரிலும் ஓர் ஏக்கர் அரச காணியை யார் கொடுக்கலாம்? அந்த அதிகாரத்தை எங்கள் சம்மதம் இல்லாமல் யார் திருப்பி எடுக்கலாம்? காணி உறுதி வாசிக்கத் தெரிந்த அப்புக்காத்து ஒருவர் முப்பது வருடம் கேட்டதும் இதைத்தான்.