கோடாரியால் அடித்தும் உடையல... ஹென்றி ஃபோர்டின் சோயா கார் என்ன ஆச்சு?

1940-ல் எடுத்த ஒரு போட்டோ. 77 வயது ஹென்றி ஃபோர்டு தன் சொந்தக் காரின் டிக்கியைக் கோடாரியால் ஓங்கி அடிக்கிறார். மூடி உடையல. காரணம், அது இரும்புத் தகடு இல்ல. சோயாவில் செய்த பிளாஸ்டிக். கோடாரியின் கூர்முனைக்கு ரப்பர் உறை மாட்டியிருந்தது தனிக்கதை!

யார் இந்த ஃபோர்டு?

நம்ம மறைமலை நகர் ஆலையால் தெரிந்த அதே பெயர்தான். 1863-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்காமல் 16 வயசில் டெட்ராய்டுக்குப் போய் மெஷின் வேலை கற்றார். 1908-ல் வந்த மாடல் டி அவரை உலகறியச் செய்தது. காரை லேசாக்கும் ஆசை அப்பவே இருந்தது: அதில் போட்டது வலுவான வனேடியம் ஸ்டீல்.

ஏன் சோயா?

1930களின் பொருளாதார மந்தத்தில் விளைச்சலுக்கு விலை இல்ல. விவசாயிகள் நொடிந்துபோனாங்க. வயலை வெறுத்து ஓடிவந்தவரே, விளைச்சலைத் தொழிற்சாலை வாங்கினால் என்ன என்று யோசித்தார். ராபர்ட் பாயர் என்ற இளைஞரிடம் ஆய்வை ஒப்படைத்தார். சோயா எண்ணெய் பெயிண்டுக்குப் போனது, பிண்ணாக்கு ஹாரன் பட்டனாக மாறியது. அடுத்த குறி, முழு பாடி.

எப்படித் தாங்கும்?

நார் மட்டும் இருந்தால் வளையும், பிசின் மட்டும் இருந்தால் நொறுங்கும். இரண்டையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் இழுப்பை நார் தாங்கும், நார் நகராமல் பிசின் பிடிச்சுக்கும். மண்சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைப்பது மாதிரிதான்.

1941 ஆகஸ்ட் 13-ல் டியர்பார்னில் கார் வெளியே வந்தது. ஸ்டீல் குழாய்ச் சட்டத்தின் மேல் 14 பிளாஸ்டிக் பலகைகள். எடை சுமார் 900 கிலோ. அன்றைய ஸ்டீல் காரைவிட கிட்டத்தட்ட 450 கிலோ குறைவு.

முழுக்கக் கஞ்சாச் செடியில் செய்த கார் என்று சோஷியல் மீடியாவில் சுற்றும் தகவலை அப்படியே நம்பிடாதீங்க. சோயா, கோதுமை, ஆளி நார் எனப் பல பெயர்கள் அடிபட்டாலும், அந்தக் கலவையின் ஃபார்முலா இன்று எங்கேயும் மிஞ்சல.

அப்புறம்?

சில மாதத்தில் அமெரிக்கா போரில் இறங்கியது. 1942-ல் கார் உற்பத்தியே நின்றது. அந்த ஒரே சோயா காரையும் அழிச்சுட்டாங்க.

1947 ஏப்ரல் 7-ல், ஆற்று வெள்ளத்தால் கரண்ட் போன வீட்டில் ஃபோர்டு இறந்தார். 6 வருஷம் கழித்து, போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கண்ணாடி நார் பாடியோடு கொர்வெட்டை இறக்கியது. முதல் வருஷம் செய்தது 300 கார்கள், எல்லாமே வெள்ளை.