மாண்டிசோரி அம்மையாரும் மாரியோவும்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகள் ஆறு பேரைப் பகல் முழுவதும் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு உண்டு. என்று தவழ்ந்தது, என்று பல் முளைத்தது, எந்தச் சொல்லை முதலில் சொன்னது, எதைக் கண்டு பயந்தது என்று எல்லாவற்றையும் அதில் எழுதி, மாலையில் தாய் வரும்போது காட்டுவார். அவருடைய சொந்த மகனும் அந்த ஆறு பேரோடுதான் விளையாடுகிறான். அவனுக்கு மட்டும் நோட்டு இல்லை. ஏன் அக்கா என்று கேட்டேன். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா, அதற்கு எழுத்து வேறு வேண்டுமா என்று சிரித்தார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்த பிறகு அப்படிப் படவில்லை.

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகே உள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31 அன்று மரியா பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ, தாய் ரெனில்டே. ஒரே மகள். குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் ஆசிரியை ஆவதே பெரிது என்று கருதப்பட்ட காலத்தில் அவர் மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்றதால், எல்லாரும் போன பின் தனியாக அந்த அறையில் நின்று படித்தாராம். நம் வகுப்பில் தவளையை அறுக்கவே எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டோம்! 1896 இல் பட்டம் பெற்றார்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அவர் உழைத்த ஆண்டுகளில், உடன் பணியாற்றிய மொந்தெசானோ என்னும் மருத்துவரோடு நெருக்கம் ஏற்பட்டது. அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1898 மார்ச் 31 அன்று மாரியோ என்னும் மகன் பிறந்தான். அக்காலத்தில் இது வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயரோடு வேலையும் போய்விடும். ஆகவே குழந்தை ரோமுக்கு வெளியே ஒரு நாட்டுப்புறக் குடும்பத்திடம் வளரச் சென்றான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். வந்து போகும் அந்த அம்மாள் யார் என்று சிறுவனுக்குச் சொல்லப்படவில்லை. இதை எழுதலாமா என்று நான் தயங்கினேன். ஆனால் இதை விட்டுவிட்டால் அவருடைய வாழ்க்கையில் பாதி விளங்காமல் போகும்.

1907 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைப் பழுதுபார்க்கும் செலவுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைப்பது மேல் என்று கட்டடத்துக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். உலகம் போற்றும் ஒரு கல்விமுறை பிறந்தது சுவருக்கு வெள்ளையடிக்கும் கணக்கிலிருந்துதான்!

அங்கே அம்மையார் செய்த முதல் வேலை, கற்பிப்பதன்று, பார்ப்பது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய துளைகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் மடியில் உருளைகளை அணைத்துக்கொண்டு போய், அங்கேயும் அதையே தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்துவிட்டுத் தூங்கி எழுந்தவளைப் போல் மகிழ்ச்சியாகச் சுற்றிப் பார்த்தாள். எண்ணிக்கொண்டு உட்கார்ந்த பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

பார்த்ததை எழுதவும் கண்டிப்பான முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஏடு. மாதந்தோறும் உயரம் அளக்க வேண்டும், அதுவும் அந்தப் பிள்ளை பிறந்த தேதியிலேயே. இருபதாம் தேதி பிறந்தவனை ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி நிறுத்தி அளப்பார்கள். இன்னொரு விதியும் உண்டு. தாய் வாரம் ஒருமுறையாவது ஆசிரியையிடம் வந்து, பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பள்ளியின் கண்ணும் தாயின் கண்ணும் சேர்ந்தால்தான் குழந்தை முழுதாகத் தெரியும் என்பது இதிலிருந்தே புரிகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு மாரியோவின் நினைவு வந்தது. சான் லோரென்சோவில் பிறர் பிள்ளைகளைப் பிறந்த தேதியில் அளந்துகொண்டிருந்தபோது அவனுக்கு எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்தது. அவன் முதலில் நடந்த நாளும் பேசிய சொல்லும் அந்தக் கிராமத்து வீட்டோடு போயின. உலகத்துக்கே குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவருக்குத் தம் குழந்தையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தாரோ என்றுதான் நினைத்தேன்.

1912 டிசம்பரில் அம்மையாரின் தாயார் இறந்தார். அதன் பிறகு, பதினைந்து வயது நடக்கும்போது மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அவர் யார் என்று அவனே கண்டுகொண்டான் என்பார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் வெளியாருக்கு அவன் அவருடைய உறவினன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே அறிமுகமானான். முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போகாமல் இத்தாலியை விட்டபோதும், 1936 இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினை விட்டபோதும், மாரியோ அவருக்குத் துணை.

1939 இல் இருவரும் நம் சென்னை அடையாற்றுக்கு வந்தார்கள். பிரம்மஞான சபையின் அழைப்பில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டளை. அவ்வாண்டு ஆகஸ்டு 31 இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்த நாள் பரிசாக வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார். அந்தச் செய்தியில் மாரியோவை அவருடைய மகன் என்றே குறித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு!

பின்னர் தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்து, செடி கொடி, பூச்சி புழு, மலை என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1952 மே 6 அன்று ஹாலந்தில் நூர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உயிலில் மாரியோவைத் தம் மகன் என்று எழுதியிருந்தார்.

தம் பிள்ளையைத் தாமே குறித்து வைத்தவர்களும் உண்டு. டார்வின், 1839 இல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றிக் குறிப்பெழுதி, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து 1877 இல் வெளியிட்டார். மாண்டிசோரி இயக்கத்தில் பங்குகொண்ட ஸ்விட்சர்லாந்து அறிஞர் பியாஜே, தம் மூன்று பிள்ளைகளையும் மனைவியோடு சேர்ந்து கவனித்து எழுதினார். பெற்றவர் கண் தன் பிள்ளையின் குறையைப் பார்க்காது, நிறையை இரட்டிப்பாக்கும் என்று சொல்வோரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக எழுதாமலே இருப்பதா? இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் போயிற்று. பிறர் பிள்ளையைப் பார்க்கப் பழகிய கண் தன் பிள்ளைமேலும் விழ வேண்டும் என்பதே என் எண்ணம்.

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டார். மறுநாள் ஏழாவது நோட்டு ஒன்று வாங்கியிருந்தார். முதல் பக்கத்தில் மகனின் பெயரும் பிறந்த தேதியும் எழுதியாயிற்று. முதல் பல் எந்த மாதம் முளைத்தது என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறார்.