பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்த சிறுமி: முத்துலட்சுமி ரெட்டி சாதித்தது எப்படி?

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதும் முதலில் கேட்கும் பெயர்களில் ஒன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் தமிழ்நாடு அரசு வைத்திருக்கிறது. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவர் பள்ளிப் படிப்பின் முக்கியமான வருஷங்களை வீட்டிலேயே முடித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது 'ஹோம் ஸ்கூலிங்' என்கிறோமே, அதை 120 வருஷத்துக்கு முன்னாடியே, வேறு வழியில்லாமல் செய்தவர் அவர். எப்படின்னு பார்ப்போம்.

பள்ளி ஏன் நின்றது?

1886 ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய சொந்தபந்தமே ஒதுக்கி வைத்தது.

அன்றைய வழக்கப்படி பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் வெளியே போகக்கூடாது. முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. 13 வயதில் பள்ளி நின்றது. சீக்கிரம் கல்யாணம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கவலை. மகளுக்குப் படிப்பில்தான் ஆசை. அந்த ஆசைக்கு அப்பா துணை நின்றார். பாடங்கள் வீட்டிலேயே தொடர்ந்தன.

தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன்

அன்று கல்லூரிக்குள் நுழைய மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். பள்ளியில் படிக்காதவர்களும் தனித்தேர்வராக அதை எழுத முடியும். 1902-ல் முத்துலட்சுமி எழுதினார், தேறினார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கணும். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு, எழுதியது ஆணா பெண்ணா, பள்ளியில் படித்தவரா வீட்டில் படித்தவரா என்பது தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண். வீட்டில் படித்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பொதுத்தேர்வுதான் சமவாய்ப்பு தந்தது.

விண்ணப்பம் போட்டதும் என்ன நடந்தது?

பிரச்னை அடுத்த கட்டத்தில் வந்தது. மகாராஜா கல்லூரி ஆண்கள் கல்லூரி. அங்கே சேர விண்ணப்பித்தார் முத்துலட்சுமி. மதிப்பெண்ணில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். தாயாரின் பிறப்பையும் காரணம் காட்டினார்கள். அன்றைய கல்லூரி முதல்வரும் சேர்க்கத் தயங்கினார்.

கடைசியில் முடிவெடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் தந்தார். கல்லூரிக்கு மூடிய வண்டியில் போய் வந்தார் முத்துலட்சுமி. வகுப்பில் மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பாடம் கேட்டார்.

ஆக, தேர்வு எழுதும் வாய்ப்பு அவருக்கு விதிப்படி கிடைத்தது. கல்லூரி இடமோ ஒரு மன்னரின் மனசால் கிடைத்தது. மன்னர் வேண்டாம் என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சென்னை மருத்துவக் கல்லூரி

இன்டர்மீடியட் முடித்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று சிலர் இவரைச் சொல்வார்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி போன்றவர்கள் 1886-லேயே டாக்டர் ஆகிவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் சேர்ந்திருந்தார். ஆனால் வீட்டுத் திண்ணையைத் தாண்டக் கூடாது என்று நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, 1912-ல் அங்கே பட்டம் வாங்கியதுதான் முத்துலட்சுமியின் பெருமை. பிறகு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் திருமணத்துக்குச் சம்மதித்தார். நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை.

பிறகு அவர் செய்தது என்ன?

தனக்குத் தயவால் கிடைத்ததை மற்ற பெண்களுக்கு உரிமையாக ஆக்கப் பாடுபட்டார் என்று சொன்னால் சரியாக இருக்கும். சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். கடும் எதிர்ப்பு வந்தது. சட்டம் நிறைவேற 1947 வரை ஆனது.

இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைத்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவரே, நாட்டின் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதும் குழுவில் உட்கார்ந்தார்!

காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் துறந்தார். தேவதாசிக் குடும்பங்களில் இருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் சென்னை அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில் உருவானது, 1954-ல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1956-ல் பத்ம பூஷண் விருது. 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

இன்று வீட்டில் படிக்கும் மாணவர் என்ன செய்யலாம்?

அவர் போன பாதை இன்றும் இருக்கிறது, மன்னர் மட்டும் தேவையில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். 10-ம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது, 12-ம் வகுப்புக்கு 15 வயது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு.

ஆனால் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, எந்தப் படிப்பு வேண்டும் என்று முடிவு செய்த பிறகே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். இரண்டு, மருத்துவச் சேர்க்கையில் 7.5% உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. வீட்டில் படித்தால் அது கிடைக்காது. மூன்று, சேர விரும்பும் கல்லூரி எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்க நினைத்தாலும், சென்னையில் மருத்துவம் படிக்க நினைத்தாலும், கேட்கப் போவது சான்றிதழைத்தான்.

1902-ல் முத்துலட்சுமி கையில் இருந்ததும் அந்த ஒரு சான்றிதழ்தான். அதற்குப் பிறகும் ஒரு மன்னரின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது. இன்று அந்த இடத்தில் விதிகள் இருக்கின்றன. அவற்றை முதலிலேயே தெரிந்துகொண்டால், யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.