ஜி.டி. நாயுடுவும் ஒரு ஹெக்சோ பிளேட்டும்

1937ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு மின்சார மோட்டார் தயாரானது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதைச் செய்தவர்கள் ஜி.டி. நாயுடுவும் அவரோடு சேர்ந்து உழைத்த டி. பாலசுந்தரமும். நாயுடு எந்தப் பட்டமும் பெறாதவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். அவரைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை கடைசியில் ஒரே பாடத்தில் வந்து நிற்கும்: முயற்சி இருந்தால் எவரும் முன்னேறலாம்.

மலையகத்திலும் வன்னியிலும் படிப்பு இடையில் நின்றுபோன பிள்ளைகளிடம் இந்த ஒரு பாடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. நாயுடுவின் வாழ்க்கையில் முயற்சியோடு வேறு சில விடயங்களும் சேர்ந்திருந்தன. அவற்றையும் எடுத்துச் சொன்னால்தான் அந்த வாழ்க்கை நமக்குப் பயன்படும்.

இப்படி யோசிக்க வைத்த இடம் ராகலை. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை தாண்டி, உடப்புசல்லாவ போகும் வழியில் இருக்கும் சிறு நகரம். தோட்டங்களை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களைப் பற்றி எழுதுவதற்காக அங்கு போயிருந்தேன். போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஒருவரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, மோட்டார் வைண்டிங் செய்யும் ஒரு தம்பியிடம் அழைத்துப் போனார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் போன நேரம் ஒரு பழைய ஹெக்சோ பிளேட்டின் இரண்டு பக்கத்தையும் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். கொமியூட்டேட்டர் வெட்டுவதற்கு என்றார்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு அது புதுச் சொல். அவரே மேசையில் கிடந்த ஆர்மேச்சரை எடுத்து விளக்கினார்.

செம்புக்கு நடுவே மைக்கா

கிரைண்டர், டிரில் மெஷின், வாகனத்தின் ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றைத் திறந்தால் சுழலும் தண்டின் ஒரு முனையில் செம்பு உருளை ஒன்று தெரியும். அதுதான் கொமியூட்டேட்டர். பார்வைக்கு ஒரே துண்டாகத் தெரிந்தாலும் அது பல செம்புக் கீற்றுகளால் ஆனது. இரண்டு கீற்றுகளுக்கு நடுவே மின்சாரம் பாயாதபடி மைக்கா என்ற அப்பிரகத் தகடு இருக்கும். மேலே கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். மோட்டார் சுழலச் சுழல, ஒவ்வொரு கம்பிச் சுற்றுக்கும் சரியான நேரத்தில் மின்சாரத்தின் திசையை மாற்றிக் கொடுப்பது இந்த உருளையின் வேலை.

சிக்கல் இங்கேதான் வருகிறது. செம்பு மெதுமையானது, விரைவில் தேயும். மைக்கா அவ்வளவு சீக்கிரம் தேயாது. நாளடைவில் மைக்கா மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிரஷ் அதில் தட்டித் தட்டித் துள்ளும். துள்ளும்போதெல்லாம் பொறி பறக்கும், செம்பு கருகும், கடைசியில் மோட்டார் நின்றுவிடும்.

அதற்கு மருந்து இரண்டு வெட்டு. முதலில் லேத்தில் ஏற்றி, நன்றாகத் தீட்டிய கூரான கருவியால் செம்பை மெல்லிசாகச் சீவி உருளையை வட்டமாக்க வேண்டும். கருவி மழுங்கி இருந்தால் செம்பு சீவப்படாமல் இழுபட்டு, பக்கத்துக் கீற்றோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கீற்றுகளுக்கு நடுவில் உள்ள மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். பெரிய பட்டறைகளில் இதற்கென்று சின்னஞ்சிறு வட்ட வாள் பூட்டிய இயந்திரம் இருக்கிறது. ராகலையில் அந்த வேலையைச் செய்வது ஹெக்சோ பிளேட். பிளேட்டின் பற்கள் இரு பக்கமும் விரிந்து நிற்பவை. அப்படியே போட்டு இழுத்தால் செம்பைக் கிழித்துவிடும். அதனால்தான் பக்கங்களைத் தேய்த்து, மைக்காவின் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதிகம் தேய்த்தாலும் ஆபத்து. பிளேட் மெலிந்துவிட்டால் செம்பின் ஓரத்தில் மயிரிழை போல மைக்கா ஒட்டி நின்றுவிடும். பிறகு அந்த மயிரிழையில் பிரஷ் தட்டும்.

எல்லாம் முடிந்து, பள்ளங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் துப்புரவாக்கி, ஒவ்வொரு கீற்றையும் சோதித்துப் பார்த்தார். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். யாரும் படிப்பிக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துப் பழகியது என்றார். ஜி.டி. நாயுடுவின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. எனக்கோ அங்கே அவர் நினைவுதான் வந்தது.

கழற்றிப் பார்த்தவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23இல், கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டு, அதே போன்ற ஒன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று கோவைக்குப் போய் உணவு விடுதியில் வேலை பார்த்தார். காசு சேர்த்து வாங்கிய வண்டியை முதலில் முழுவதுமாகக் கழற்றினார். பிறகு திரும்பவும் பூட்டினார். அவர் படித்த முதல் பாடப்புத்தகம் அந்த வண்டிதான்.

அடுத்து பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அதில் சம்பாதித்ததைப் பம்பாயில் இழந்தார். கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பியவருக்கு, கோவையின் ஸ்டேன்ஸ் நிறுவனத்தின் உதவி கிடைத்தது. கோப்பி பதனிடும் தொழிலில் வளர்ந்த ஆங்கிலேயக் குடும்பத்தின் நிறுவனம் அது. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கினார். சாரதியும் அவரே. அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பஸ் நிறுவனத்துக்குப் பட்டறை வேண்டும். பட்டறை இருந்ததால் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. கோவையின் பஞ்சாலைகளுக்கும் தோட்டக் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. ஆனால் மோட்டார்கள் கப்பலில் வர வேண்டியிருந்தது. இந்தத் தேவையில் இருந்துதான் 1937இன் மோட்டார் பிறந்தது. கோவை பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்போன நகரமானதற்கு அது ஒரு தொடக்கம். பாலசுந்தரமும் பிறகு டெக்ஸ்டூல் என்ற நிறுவனத்தை உருவாக்கினார்.

நாயுடு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரசந்த் என்ற சவர இயந்திரம். உலர் மின்கலத்தில் ஓடுவது. மின்கலத்தில் ஓடிய அக்கால மோட்டார் எதுவாக இருந்தாலும் உள்ளே ஒரு கொமியூட்டேட்டர் இருந்தாக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் இயந்திரத்தில் அந்த உருளை எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும், அதைச் செய்யும் கைக்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது ராகலையில் அந்த வேலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மிக மெல்லிய சவர பிளேட்டுகள், பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீளமானது.

மண்ணெண்ணெய் விசிறியைப் பற்றி வாசிக்கும்போது யாழ்ப்பாணத்தவர்களுக்கும் வன்னியில் இருந்தவர்களுக்கும் வேறு நினைவு வரும். தொண்ணூறுகளில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதைச் செய்துகொடுத்த மெக்கானிக் அண்ணாமாரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நாயுடுவுக்கு இருந்த திறமை அவர்களுக்கும் இருந்தது. நாயுடுவுக்குக் கிடைத்த பட்டறையும் கடனும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கும் காலமாகவும் அது இருக்கவில்லை.

முயற்சியோடு சேர்ந்திருந்தவை

நாயுடு கலங்கலில் வளர்ந்த அதே காலத்தில் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணிமார் ஆட்களைச் சேர்த்து இலங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் நிலமற்றவர்கள் அதிகம், ஒடுக்கப்பட்ட சாதியினர் அதிகம். நாயுடு நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை. நொடித்துப் போனபோதும் அவரை நம்பிக் கைகொடுக்க ஒரு கம்பனி இருந்தது. இங்கு வந்தவர்களுக்கோ, கடன் என்றால் கங்காணியின் பற்றுக்கணக்குதான். அது ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடும் கடன். 2025 ஒக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த பெரிய மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தபோது, பெயரோடு சாதியும் சேர்ந்து வருகிறதே என்று தமிழ்நாட்டில் விவாதம் எழுந்தது. அந்த விவாதம் எனக்கு அநாவசியமாகத் தெரியவில்லை. ஒருவருடைய திறமையை மதிப்பதும், அவருக்குத் திறந்திருந்த கதவு மற்றவர்களுக்குப் பூட்டியிருந்ததைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல.

மின்சாரத்தின் கதையும் அப்படித்தான். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளக்பூலில் 1912இலேயே சிறு நீர்மின் நிலையம் வந்தது. 1950இல் லக்ஷபான வந்தது. மலையகத்தின் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது. லயன் அறைகளுக்குள் குப்பி விளக்கு இன்னும் பல பத்தாண்டுகள் எரிந்தது. மின்சாரமே வராத வீட்டில் பிள்ளை எந்த மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும்?

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1977 வன்முறைக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களை அங்கேயும் யுத்தம் துரத்தியது. இதில் எல்லோருக்கும் பொதுவாகத் தொலைந்தது ஒன்று: படிக்க வேண்டிய வருடங்கள்.

வருடங்களைச் சுருக்கப் பார்த்தவர்

நாயுடுவின் வாழ்க்கையில் நமக்கு மிகவும் தேவையான பகுதி இங்கேதான் இருக்கிறது. 1945ஐ ஒட்டிய காலத்தில் அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் உருவாகின. அவற்றில் ஒன்றுதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவே அதிபராகவும் இருந்தார். பொறியியல் படிக்க நான்கு வருடம் தேவையில்லை, தேவையற்றதைக் கழித்துப் பட்டறையில் வைத்துப் படிப்பித்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவரது நிலைப்பாடு. பிரித்தானிய அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். 1952இல் 2,000 ரூபாவுக்கு இரண்டு பேர் போகக்கூடிய சிறிய கார் ஒன்றைச் செய்து காட்டினார். சுதந்திர இந்தியாவின் அரசும் அதைத் தயாரிக்க அனுமதி கொடுக்கவில்லை. 1974 ஜனவரி 4இல் அவர் இறந்தார்.

எல்லாப் பொறியியலையும் இரண்டு வருடத்தில் படித்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி செல்லுபடியானது. ஒருவர் எத்தனை வருடம் வகுப்பில் உட்கார்ந்தார் என்பதை வைத்து அளப்பதா, அவரது கை என்ன செய்யும் என்பதை வைத்து அளப்பதா? முகாமில் வருடங்களைத் தொலைத்தவருக்கும், கொழுந்து நிறுவையை நம்பிய வீட்டில் படிப்பை விட்டவருக்கும் இது வெறும் கல்விக் கொள்கை விவாதமல்ல, வயிற்றுப் பாடு.

இலங்கையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமை முறைமையில், முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற ஏற்பாடு உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களின் திறமையைச் சோதித்து, தகுதி இருந்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இதைச் செய்கிறது. ராகலையில் நான் பேசிய இளைஞர்களில் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கை வேலை தெரிந்தும் காட்டுவதற்குத் தாள் இல்லாமல், கூலியாளாகப் போகிறவர்கள் அவர்கள்.

இந்த ஏற்பாட்டைத் தோட்டங்களுக்கும் மீள்குடியேறிய கிராமங்களுக்கும் தமிழில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதிகாரிகளின் வேலை. அதைக் கேட்டு வாங்குவது நமது தொழிற்சங்கங்களின், நமது பிரதேச சபை உறுப்பினர்களின் வேலை. புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு உதவ நினைத்தால், மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் கொடுப்பதோடு, ராகலை போன்ற ஒரு நகரத்தில் பொதுப் பட்டறை ஒன்றுக்கு ஒரு லேத் மெஷின் வாங்கிக் கொடுக்கலாம். ஒரு நல்ல லேத் இருந்தால், இப்போது செம்பு சீவுவதற்காக ஆர்மேச்சரைப் பையில் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறுகிறவர்களின் அரை நாளாவது மிச்சமாகும்.