கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை

விழுப்புரத்தில் பஸ் ஏறுகிறவர், திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் செல்போனில் படம் பார்க்கிறார், பணம் அனுப்புகிறார். உள்ளங்கை அளவுக் கருவிக்குள் இத்தனை வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு மேஸ்திரி உண்டு. அதன் பெயர் இயங்குதளம். இந்த மேஸ்திரியைச் சின்னஞ்சிறு இடத்தில் குடிவைத்தவர்களில் ஒருவர், டென்னிஸ் ரிட்சி.

அமெரிக்காவில் 1941–ம் ஆண்டு பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடித்தும் டாக்டர் பட்டம் பெறவில்லை. 1967–ல், தந்தை வேலை பார்த்த பெல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே சேர்ந்தார்.

கைவிட்ட திட்டம்

அப்போது அங்கே 'மல்டிக்ஸ்' என்ற பிரம்மாண்டமான இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். செலவு ஏறியது, வேலை முடியவில்லை. 1969–ல் கம்பெனி விலகிக்கொண்டது. புதிய மெஷின் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

நண்பர் கென் தாம்ப்சன் மனம் தளரவில்லை. அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு சிறிய மெஷினைப் பிடித்தார். ரிட்சியும் கைகொடுத்தார். 'யூனிக்ஸ்' பிறந்தது!

அடுத்து அது குடியேறிய மெஷினின் நினைவகம் வெறும் 24 கிலோபைட். இயங்குதளத்துக்கு 16, மற்ற வேலைகளுக்கு 8. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைப்போல் நூறு மடங்கு இடம் பிடிக்கும்.

இட நெருக்கடி சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது. வேலைகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிச் செய்தது.

ரிட்சி 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். 1973–ல் யூனிக்ஸ் அந்த மொழியில் மாற்றி எழுதப்பட்டது. மெஷினுக்கு மெஷின் முதலிலிருந்து எழுதவேண்டிய தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

இன்னும் சிறியது

அதே கூடத்தைச் சேர்ந்த ஹைன்ஸ் லிக்லாமா, ஒரே ஒருவர் பயன்படுத்தும் குட்டி மெஷினுக்காக யூனிக்சைச் சுருக்கினார். 40 கிலோபைட் போதுமானதாக இருந்தது. 1978–ல் அந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்.

1991–ல் யூனிக்சைப் பின்பற்றி, 'சி' மொழியில் 'லினக்ஸ்' எழுதப்பட்டது. 2001–ல் பெங்களூரு விஞ்ஞானிகள் காட்டிய 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கருவியில் இருந்தது அதுதான். இன்றைய செல்போன்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுதான்.

தனிமையில் மரணம்

1983–ல் ரிட்சிக்கும் தாம்ப்சனுக்கும் டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை.

2011 அக்டோபர் 5–ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். உலகமே துக்கம் கொண்டாடியது. ஒரு வாரம் கழித்து, நியூஜெர்சியில் தனியாக வசித்த ரிட்சி வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. அவருக்காக அத்தனை கண்ணீர் பெருகவில்லை. ஆனால், ஜாப்சின் ஐபோனுக்குள்ளும் இருந்தது யூனிக்ஸ் வம்சத்து இயங்குதளமே!